நிதி இறுகும் காலத்தில் நல்கை பெறுவது எப்படி: சிறு தொண்டு அமைப்புகளுக்கு ஒரு வழிகாட்டி

கையிருப்பு கரையத் தொடங்கியதும் பெரும்பாலான தொண்டு அமைப்புகள் செய்யும் முதல் காரியம், கண்ணில் படும் அறிவிப்புக்கெல்லாம் விண்ணப்பம் போடுவதுதான். கைவசம் இருக்கும் ஒரே திட்ட முன்மொழிவை எடுத்து, முகவரியை மட்டும் மாற்றி, கல்விக்கு நிதி தருபவருக்கும் குளம் தூர்வார நிதி தருபவருக்கும் அனுப்பிவிட்டுக் காத்திருக்கிறார்கள். பணம் தாராளமாகப் புழங்கிய நாட்களில் இப்படி அனுப்பியதில் பத்துக்கு ஒன்று பலித்திருக்கலாம், இப்போது பலிப்பதில்லை. பல ஆண்டுகள் நிதி கேட்டு விண்ணப்பம் எழுதும் வேலையில் இருந்துவிட்டு, பிறகு ஒரு தேர்வுக் குழுவில் வெளி உறுப்பினராக அமர்ந்து பிறருடைய விண்ணப்பங்களைப் படிக்க நேர்ந்தபோது எனக்கு ஒன்று தெளிவானது. நெருக்கடிக் காலத்தில் விண்ணப்பங்களின் எண்ணிக்கையைக் கூட்டக் கூடாது, குறைக்க வேண்டும். ஆண்டுக்கு முப்பது அனுப்பிக்கொண்டிருந்த அமைப்பு ஆறு அனுப்பினால் போதும். மிச்சமாகும் நேரம் முழுவதும் அந்த ஆறுக்கே போக வேண்டும்.

நிதி ஏன் இறுகியது என்பதைத் தெரிந்துகொண்டால், எங்கே கேட்பது என்பதும் ஓரளவு புலப்படும். வெளிநாட்டு நன்கொடை ஒழுங்குமுறைச் சட்டத்தில் 2020 செப்டம்பரில் செய்யப்பட்ட திருத்தம், வெளிநாட்டுப் பணத்தைப் பெறும் ஓர் அமைப்பு அதை வேறோர் அமைப்புக்குப் பிரித்துக் கொடுப்பதை முற்றிலுமாகத் தடை செய்தது. சென்னையிலோ மதுரையிலோ உள்ள பெரிய அமைப்பு ஒன்றின் நிழலில் இயங்கிவந்த சிற்றூர் அமைப்புகளுக்கு அந்த வரும்படி அத்துடன் நின்றது. வெளிநாட்டுப் பணத்தில் நிர்வாகச் செலவுக்கான உச்சவரம்பையும் அதே திருத்தம் 50 சதவீதத்திலிருந்து 20 சதவீதமாக இறக்கியது. அடுத்த அடி 2025இல் விழுந்தது: ஜனவரி 20 அன்று அமெரிக்க அரசு வெளிநாட்டு உதவியை நிறுத்திவைத்தது, ஜூலை 1 அன்று அந்த உதவியை வழங்கிவந்த அமெரிக்க அரசு முகமையான யுஎஸ்எய்ட் தன் பணிகளை முடித்துக்கொண்டது. அமெரிக்கப் பணத்தில் ஒரு ரூபாய்கூட வாங்காத அமைப்புகளும் இதனால் பாதிக்கப்பட்டன. ஏனெனில் வெளிநாட்டு நிதியை இழந்த பெரிய அமைப்புகள், விண்ணப்பம் எழுதுவதற்கென்றே ஆள் வைத்திருப்பவை, உள்நாட்டு நிதி தருவோரின் வாசலில் வந்து நின்றன. இன்று தமிழ்நாட்டின் சிறு அமைப்புக்குக் கைக்கெட்டும் பெரிய ஊற்று கம்பெனிகளின் சமூகப் பொறுப்பு நிதி, அதாவது சிஎஸ்ஆர் என்பதால், இந்த வழிகாட்டி பெரும்பாலும் அதைப் பற்றியே பேசுகிறது.

யாரிடம் கேட்பது

கம்பெனிகள் சட்டம் 2013இன் 135ஆம் பிரிவின்படி, முந்தைய நிதியாண்டில் நிகர மதிப்பு 500 கோடி ரூபாய், விற்றுமுதல் 1,000 கோடி ரூபாய், நிகர லாபம் 5 கோடி ரூபாய் ஆகிய மூன்றில் ஏதேனும் ஒன்றை எட்டிய கம்பெனி, தன் கடந்த மூன்று ஆண்டுச் சராசரி நிகர லாபத்தில் குறைந்தது 2 சதவீதத்தைச் சமூகப் பணிக்குச் செலவிட வேண்டும். முதல் இரண்டு அளவுகோல்களைப் படித்ததும் டாடாவும் டிவிஎஸ்ஸும் நம் நினைவுக்கு வருகின்றன. எல்லோரும் அங்கேயே போய் வரிசையில் நிற்கிறோம். நாம் கவனிக்கத் தவறுவது மூன்றாவது அளவுகோலை. 5 கோடி லாபம் என்பது திருப்பூரில் ஒரு பின்னலாடை ஏற்றுமதிக் கம்பெனியோ, கோவையில் ஒரு பம்பு தயாரிப்புக் கம்பெனியோ, கரூரில் ஒரு வீட்டுத் துணி ஏற்றுமதிக் கம்பெனியோ எட்டக்கூடிய தொகைதான். சராசரி லாபம் 6 கோடி என்றால் அதில் 2 சதவீதம் 12 லட்சம் ரூபாய். பெரிய அமைப்புகள் இந்தத் தொகைக்காக அலைய மாட்டா. உங்களுக்கோ அது ஓராண்டுத் திட்டம்.

சிறிய கம்பெனியிடம் கேட்பதில் இன்னொரு வசதியும் உண்டு. செலவிட வேண்டிய தொகை ஆண்டுக்கு 50 லட்சம் ரூபாயைத் தாண்டாத கம்பெனி, இதற்கெனத் தனிக் குழு அமைக்க வேண்டியதில்லை. இயக்குநர் குழுவே முடிவெடுக்கலாம். நடைமுறையில், முதலாளியும் அவருடைய ஆடிட்டரும் உட்கார்ந்து பேசி முடிவு செய்கிறார்கள் என்று பொருள். அவர்களை எட்டுவதற்கு இணையதள விண்ணப்பப் படிவத்தைவிட உள்ளூர் தொழில் வர்த்தக சபைக் கூட்டமும், உங்கள் ஆடிட்டருக்குத் தெரிந்த இன்னோர் ஆடிட்டரும் நல்ல வழிகள். இதைச் சிபாரிசு என்று நினைத்துக் கூச்சப்பட வேண்டாம். முன்பின் தெரியாத அமைப்புக்குப் பணம் தர யாரும் தயங்குவார்கள். அந்தத் தயக்கத்தைத் தீர்க்கும் பொறுப்பு கேட்பவருடையது.

பெரிய கம்பெனிகளை அணுகுவதாக இருந்தால், அவர்களுடைய ஆண்டறிக்கையை முதலில் படியுங்கள். இணையதளம் உள்ள கம்பெனி தன் சிஎஸ்ஆர் கொள்கையையும், குழு உறுப்பினர்களின் பெயர்களையும், ஒப்புதல் பெற்ற திட்டங்களையும் அதில் வெளியிட வேண்டும் என்பது விதி. பல கம்பெனிகளின் ஆண்டறிக்கை இணைப்பில் எந்தத் திட்டம், எந்த மாவட்டம், எவ்வளவு தொகை, எந்த அமைப்பின் மூலம் என்பவை அட்டவணையாக இருக்கும்; 2022க்குப் பிறகு அது கட்டாயமில்லை என்பதால், இல்லாவிட்டால் முந்தைய ஆண்டுகளின் அறிக்கையைப் பாருங்கள். ஒரு மாலை நேரம் ஒதுக்கி, உங்கள் மாவட்டத்தில் ஆலையோ கிளையோ வைத்திருக்கும் பதினைந்து கம்பெனிகளின் அட்டவணைகளைப் படித்தால், யார் உண்மையில் சிறு அமைப்புகளுக்குத் தருகிறார்கள், யார் தங்கள் சொந்த அறக்கட்டளைக்கே எல்லாவற்றையும் மாற்றிக்கொள்கிறார்கள் என்பது விளங்கிவிடும். இரண்டாம் வகையினரைப் பட்டியலிலிருந்து அடித்துவிடுங்கள். முதல் வகையினரிடம் நிதி பெற்ற அமைப்பின் பெயரும் அங்கேயே இருக்கிறது. அவர்களைத் தொலைபேசியில் அழைத்து, அந்தக் கம்பெனி எதைப் பார்க்கிறது, எதற்கு எரிச்சலடைகிறது என்று கேளுங்கள். கேட்டால் பலரும் மறைக்காமல் சொல்கிறார்கள்.

தாங்கள் இயங்கும் பகுதிக்கும் அதன் சுற்றுவட்டாரத்துக்கும் கம்பெனிகள் முன்னுரிமை தர வேண்டும் என்று சட்டமே சொல்கிறது. ஆகவே ஆலை வாசலிலிருந்து உங்கள் மையம் எத்தனை கிலோமீட்டர் என்பதை முதல் பத்தியிலேயே எழுதுங்கள். சட்டத்தின் ஏழாவது அட்டவணையில் கல்வி, நலவாழ்வு, பெண்கள் முன்னேற்றம், சுற்றுச்சூழல், ஊரக வளர்ச்சி என்று அனுமதிக்கப்பட்ட பணிகள் வகைப்படுத்தப்பட்டுள்ளன; உங்கள் திட்டம் அதில் எந்த வரியின் கீழ் வருகிறது என்பதையும் நீங்களே குறிப்பிட்டுவிட்டால், கம்பெனி அதிகாரிக்கு ஒரு வேலை மிச்சம்.

எப்போது கேட்பது என்பதும் இதில் அடங்கும். குழு உள்ள கம்பெனி ஒவ்வோர் ஆண்டுக்கும் செயல்திட்டம் வகுக்க வேண்டும். புதிய நிதியாண்டின் திட்டத்தில் உங்கள் பெயர் இடம்பெற வேண்டுமானால் டிசம்பர், ஜனவரியிலேயே பேச்சைத் தொடங்க வேண்டும். இதற்கு நேர்மாறான வாய்ப்பு ஒன்றும் பிப்ரவரியில் வரும். பல ஆண்டு நீளும் தொடர் திட்டங்கள் அல்லாதவற்றுக்கான தொகையை மார்ச் 31க்குள் செலவழிக்காத கம்பெனி, மிச்சத்தை ஆறு மாதத்துக்குள் பிரதமர் நிவாரண நிதி போன்ற அட்டவணையில் உள்ள நிதிகளுக்குச் செலுத்திவிட வேண்டும். அதைவிட உள்ளூரிலேயே ஒரு நல்ல பணிக்குத் தரலாம் என்று நினைக்கும் அதிகாரிகள் அந்த மாதத்தில் அவசரமாகத் தொலைபேசியில் அழைப்பார்கள். வகுப்பறைக்கு மேசை நாற்காலி, கழிப்பறை சீரமைப்பு, மடிக்கணினி என்று ஒரே தவணையில் செய்து முடிக்கக்கூடிய இரண்டு மூன்று பணிகளை விலைப்புள்ளிகளுடன் ஆயத்தமாக வைத்திருப்பவருக்கே அந்தப் பணம் கிடைக்கும்.

கோப்பில் இருக்க வேண்டியவை

கம்பெனியின் நிதியைப் பெற்றுச் செயல்படுத்தும் தொண்டு அமைப்புக்கு, வழக்கில் 12ஏ, 80ஜி என்று சொல்லப்படும் இரண்டு வருமான வரிப் பதிவுகளும், ஒத்த பணிகளில் குறைந்தது மூன்றாண்டு அனுபவமும் வேண்டும். 2021 ஏப்ரல் 1 முதல் சிஎஸ்ஆர்-1 என்னும் படிவத்தின் மூலம் பெறும் பதிவெண்ணும் வேண்டும். மத்திய அரசின் நிதி ஆயோக் தொண்டு அமைப்புகளுக்காக நடத்தும் தர்பன் தளத்துப் பதிவையும் பலர் கேட்கிறார்கள். மூன்றாண்டுத் தணிக்கை அறிக்கைகளை ஒரே கோப்பாகச் சேர்த்து வையுங்கள். இவை எல்லோருக்கும் தெரிந்தவைதாம், ஆனாலும் தடுக்கி விழுவது இங்கேதான். நாங்கள் ஒருமுறை எட்டு லட்சம் ரூபாய் நல்கையைக் கிட்டத்தட்ட கையில் வாங்கிவிட்ட நிலையில் இழந்தோம். அறக்கட்டளைப் பத்திரத்தில் பெயர் ‘அறக்கட்டளை’ என்று முடிந்தது, பான் அட்டையில் ‘டிரஸ்ட்’ என்று முடிந்தது, வங்கிக் கணக்கில் இரண்டும் இல்லாமல் சுருக்கப் பெயர் இருந்தது. கம்பெனியின் கணக்குப் பிரிவு மூன்றையும் ஒன்றென ஏற்கவில்லை. திருத்தி முடிப்பதற்குள் மார்ச் 31 கடந்துவிட்டது. இதைப் படிப்பவர்கள் இன்றைக்கே அந்த மூன்று ஆவணங்களையும் அருகருகே வைத்துப் பெயர், எழுத்துக்கு எழுத்து ஒன்றாக இருக்கிறதா என்று பார்த்துவிடுவது நல்லது.

முன்மொழிவை எழுதுவது

தேர்வுக் குழுவில் இருந்தபோது நான் மிக அதிகமாகப் படித்த வாக்கியம் ஏறத்தாழ இது: “எங்கள் அமைப்பு விளிம்புநிலை மக்களின் முழுமையான மேம்பாட்டிற்காகவும் குழந்தைகளின் ஒளிமயமான எதிர்காலத்திற்காகவும் அயராது பாடுபட்டு வருகிறது.” இதில் பொய் எதுவும் இல்லை, செய்தியும் எதுவும் இல்லை. கடலோர மீனவக் குப்பங்களில் மாலை நேரப் படிப்பு மையம் நடத்தும் ஓர் அமைப்பைக் கற்பனை செய்துகொள்வோம். அந்த அமைப்பு இப்படித் தொடங்கலாம்: “இரண்டு குப்பங்களில் 5 முதல் 8ஆம் வகுப்பு வரை படிக்கும் 80 குழந்தைகளை ஜூன் மாதம் ஒவ்வொருவராக உட்காரவைத்து வாசிக்கச் சொன்னோம். 34 பேரால் இரண்டாம் வகுப்புக் கதையைத் தடையின்றி வாசிக்க முடியவில்லை. கூடையோடு மீன் விற்கப் போகும் தாய்மார் வீடு திரும்ப இரவு 7 மணியாகிறது. பள்ளி விட்டதிலிருந்து அதுவரை இந்தக் குழந்தைகளுக்கு உட்கார்ந்து படிக்க வெளிச்சமான ஓர் இடமில்லை.” இதைப் படிப்பவருக்கு அடுத்து என்ன கேட்க வேண்டும் என்பது தானாகவே தோன்றும், அதற்கு விடையாக உங்கள் திட்டம் வரும்.

அந்த 34 என்னும் எண்ணைப் பெறுவதற்கு ஆய்வு நிறுவனம் எதையும் அமர்த்த வேண்டியதில்லை. பிரதம் என்னும் கல்வித் தொண்டு அமைப்பு, குழந்தைகளின் கற்றல் நிலையை அளக்கும் தன் ஏசர் ஆய்வுக்குப் பயன்படுத்தும் வாசிப்புச் சோதனை தமிழிலும் கிடைக்கிறது. எழுத்து, சொல், முதல் வகுப்புப் பத்தி, இரண்டாம் வகுப்புக் கதை என்று படிப்படியாகப் போகும் அந்தத் தாளை வைத்து, ஒரு குழந்தைக்குச் சில நிமிடங்களில் பார்த்துவிடலாம். திட்டத் தொடக்கத்தில் ஒருமுறை, மார்ச்சில் ஒருமுறை அதே தாளில் அதே குழந்தைகளைச் சோதித்தால், உங்கள் இலக்கும் அதன் அளவீடும் ஒருசேரக் கிடைத்துவிடுகின்றன. நலவாழ்வுப் பணியில் இருப்பவர்களுக்கு எடை, உயரம், ஹீமோகுளோபின் அளவு. வேளாண் பணியில் இருப்பவர்களுக்கு ஏக்கருக்கு மகசூல், கிணற்று நீர்மட்டம். எதை அளந்தாலும் தொடக்க அளவு கையில் இருக்க வேண்டும். நல்கை வந்த பிறகு அளந்துகொள்ளலாம் என்பவர்களே பெரும்பான்மை, அதனால் முன்கூட்டியே அளந்து வைத்திருப்பவர் தனித்துத் தெரிகிறார்.

தமிழ்நாட்டில் தவிர்க்கவே முடியாத ஒரு கேள்வி உண்டு: “இதைத்தான் அரசே செய்கிறதே?” மாலை நேர மையம் என்றதும், 2021இல் மாநில அரசு தொடங்கிய இல்லம் தேடிக் கல்வியைக் குழு உறுப்பினர் நினைவுபடுத்துவார். காலை உணவு, புதுமைப் பெண், மக்களைத் தேடி மருத்துவம் என்று எந்தத் துறையில் கைவைத்தாலும் இங்கே ஓர் அரசுத் திட்டம் இருக்கும். அரசுத் திட்டத்தைக் குறைசொல்லித் தப்பிக்க நினைக்காதீர்கள். கம்பெனிகள் அரசோடு உரசலை விரும்புவதில்லை. அந்தத் திட்டம் எங்கே நிற்கிறது, நீங்கள் எங்கிருந்து தொடங்குகிறீர்கள் என்பதை இரண்டு வாக்கியங்களில் சொல்லி, தலைமை ஆசிரியரிடமோ வட்டாரக் கல்வி அலுவலரிடமோ ஓர் ஒத்துழைப்புக் கடிதம் வாங்கி இணைத்துவிடுங்கள்.

மொழியைப் பற்றியும் ஒரு வார்த்தை. முன்மொழிவு பெரும்பாலும் ஆங்கிலத்தில்தான் போக வேண்டியிருக்கிறது. அதற்காக அதை ஆங்கிலம் நன்றாகத் தெரிந்தவர் மட்டும் எழுதினால், களம் அதில் இருக்காது. களப்பணியாளர் தமிழில் நான்கு பக்கம் எழுதட்டும். அதிலிருந்து ஆங்கில வடிவத்தை உருவாக்குங்கள். மேலே சொன்ன கூடைக்காரத் தாய்மார், அலுவலகத்தில் உட்கார்ந்து எழுதுபவரின் வரைவில் ஒருபோதும் வர மாட்டார்கள்.

கணக்குப் போடுவது

ஆற்றிலே போட்டாலும் அளந்து போடு என்பார்கள். குழு உறுப்பினர்கள் முன்மொழிவை மேலோட்டமாகப் பார்த்துவிட்டு, வரவு செலவுத் திட்டத்தைத்தான் ஊன்றிப் படிக்கிறார்கள் என்பது என் அனுபவம். மேற்சொன்ன 80 குழந்தைகளுக்கே கணக்குப் போட்டுப் பார்க்கலாம். நான்கு ஆசிரியர்களுக்கு மாதம் 8,000 ரூபாய் வீதம் ஆண்டுக்கு 3,84,000; 20,000 ரூபாய் சம்பளமுள்ள ஒருங்கிணைப்பாளரின் பாதி நேரத்துக்கு 1,20,000; இரண்டு இடங்களுக்கு வாடகையும் மின்சாரமும் மாதம் 4,000 வீதம் 96,000; குழந்தைக்கு 600 ரூபாய் வீதம் பாடப்பொருள் 48,000; குழந்தைக்கு நாளொன்றுக்கு 8 ரூபாய் வீதம் 220 நாட்களுக்குச் சுண்டலோ பயறோ 1,40,800; பயணம் 36,000; கணக்கர் சம்பளத்தில் ஒரு பங்கு, தணிக்கைக் கட்டணம், அலுவலகச் செலவு என மாதம் 7,000 வீதம் 84,000. மொத்தம் 9,08,800 ரூபாய். குழந்தைக்கு ஆண்டுக்கு 11,360 ரூபாய். மையம் நடக்கும் நாளுக்கு ஒரு குழந்தைக்கு ஏறத்தாழ 52 ரூபாய். இந்தக் கடைசி எண்ணை முன்மொழிவின் முதல் பக்கத்திலேயே போடுங்கள். முதலாளி தன் மனைவியிடம் வீட்டில் சொல்லப்போவது அந்த எண்ணைத்தான்.

இந்தக் கணக்கில் பலரும் செய்யும் தவறு, போட்டி அதிகம் என்று பயந்து கடைசி வரியை நீக்கிவிடுவது. கணக்கருக்கும் தணிக்கைக்கும் பணமில்லாமல் நல்கை வாங்கினால், ஆண்டு முடிவில் அறிக்கையும், பணம் எப்படிச் செலவானது என்று காட்டும் பயன்பாட்டுச் சான்றிதழும் தாமதமாகும். அடுத்த ஆண்டு நல்கை போய்விடும். மேலே உள்ள 84,000 மொத்தத்தில் சுமார் 9 சதவீதம். அதற்காக வெட்கப்பட வேண்டியதில்லை. ஒருங்கிணைப்பாளர் மையங்களுக்கு நேரில் போய் வேலை செய்பவர் என்பதால் அவர் சம்பளம் திட்டச் செலவே. அதை நிர்வாகத் தலைப்பில் போட்டு நிர்வாகச் செலவை நீங்களே ஊதிப் பெருக்காதீர்கள்.

“சட்டப்படி நிர்வாகச் செலவு 5 சதவீதத்துக்கு மேல் கூடாது” என்று சில கம்பெனி அதிகாரிகள் சொல்வார்கள். இது பரவலான தவறான புரிதல். 2021இல் திருத்தப்பட்ட சிஎஸ்ஆர் விதிகளில் உள்ள அந்த 5 சதவீத வரம்பு, சிஎஸ்ஆர் பணியை நிர்வகிக்கக் கம்பெனி தனக்கே செய்துகொள்ளும் பொதுச் செலவுக்கானது. செயல்படுத்தும் அமைப்பின் நிர்வாகச் செலவு அதில் சேராது என்பதை மத்திய கம்பெனி விவகார அமைச்சகம் 2021 ஆகஸ்டில் வெளியிட்ட கேள்வி-பதில் சுற்றறிக்கை தெளிவுபடுத்தியிருக்கிறது. சுற்றறிக்கையை அச்செடுத்து வைத்துக்கொண்டு, வாதாடும் தொனி இல்லாமல் காட்டுங்கள். அதற்குப் பிறகும் கம்பெனியின் சொந்தக் கொள்கை 5 சதவீதம்தான் என்றால், அது அவர்கள் உரிமை; அந்தத் தொகைக்குள் வேலை நடக்குமா என்று கணக்குப் பார்த்து, நடக்காது என்றால் மையங்களை இரண்டிலிருந்து ஒன்றாகக் குறைத்துச் சொல்லுங்கள். அதே பணத்தில் இரண்டையும் நடத்துகிறேன் என்று தலையாட்டிவிட்டு வந்தால், பற்றாக்குறை ஆசிரியர்களின் சம்பளத்தில்தான் விழும்.

மற்ற ஊற்றுகள்

ஒரே கம்பெனியை நம்பி இருப்பதும் ஆபத்துதான். அங்கே அதிகாரி மாறினால் திட்டமும் மாறுகிறது. அசிம் பிரேம்ஜி அறக்கட்டளை போன்ற உள்நாட்டு அறக்கட்டளைகள் பல ஆண்டுகளுக்கான நல்கை தருகின்றன. அவர்களுடைய பரிசீலனை நீண்டது, கேள்விகள் அதிகம், ஆனால் கிடைத்தால் மார்ச் மாதப் பதற்றம் இல்லை. பங்குச் சந்தை வழியாகத் தொண்டு அமைப்புகள் நிதி திரட்டும் ஏற்பாடான சமூகப் பங்குச் சந்தை என்று பேசப்படுவது, ஆண்டுக்கு 50 லட்சத்துக்கும் குறைவாகச் செலவிடும் அமைப்புக்கு இப்போதைக்கு வேண்டாத வேலை.

வெளிநாடுவாழ் தமிழர்களிடம் கேட்பவர்கள் ஒரு வேறுபாட்டை நினைவில் வைக்க வேண்டும். துபாயிலோ சிங்கப்பூரிலோ வேலை பார்க்கும், இந்தியக் கடவுச்சீட்டு வைத்திருக்கும் ஒருவர் தன் சொந்தச் சேமிப்பிலிருந்து வங்கி வழியாக அனுப்பும் பணம், வெளிநாட்டு நன்கொடையாகக் கருதப்படுவதில்லை. கனடாக் குடியுரிமை பெற்றுவிட்ட அவருடைய அண்ணன் அனுப்பினால் அது வெளிநாட்டு நன்கொடை. வெளிநாட்டு நன்கொடைச் சட்டப் பதிவோ முன் அனுமதியோ இன்றி நூறு ரூபாய்கூட வாங்கக் கூடாது. பதிவுள்ள அமைப்பும் அதை டெல்லியில் பாரத ஸ்டேட் வங்கியின் முதன்மைக் கிளையில் உள்ள கணக்கில்தான் பெற வேண்டும். ஊர்த் திருவிழாவுக்கு வந்த இடத்தில் உணர்ச்சிவசப்பட்டுப் பணம் கொடுப்பவரிடம் கடவுச்சீட்டு நகல் கேட்பது சங்கடமாகத்தான் இருக்கும். கேட்டே ஆக வேண்டும்.

பணம் வந்த பிறகும், வராதபோதும்

கம்பெனி தரும் தொகை உரிய நோக்கத்துக்கு உரிய முறையில் செலவானது என்று அதன் தலைமை நிதி அதிகாரி கையொப்பமிட்டுச் சான்றளிக்க வேண்டும். உங்கள் பயன்பாட்டுச் சான்றிதழ் தாமதமானால் அந்த அதிகாரியின் கையொப்பம் தாமதமாகிறது என்பதை உணர்ந்தால், நினைவூட்டல் கடிதங்களில் தெரியும் கோபத்தின் காரணம் விளங்கும். காலாண்டு அறிக்கையைக் கேட்பதற்கு முன் அனுப்புங்கள். புயலால் மையம் மூன்று வாரம் மூடிக் கிடந்தால், ஆசிரியர் ஒருவர் பாதியில் விலகினால், அதை அந்த வாரமே எழுதித் தெரிவியுங்கள். ஆண்டு இறுதியில் தெரியவரும் குறை மறைப்பாகத் தோன்றும், உடனே சொன்ன குறை கள நிலவரமாகத் தோன்றும். புதிய நிதியாளர் ஒருவரைப் பிடிக்க ஆகும் உழைப்பில் பாதிகூட, இருப்பவரைத் தக்கவைக்க ஆகாது.

மறுப்பு வந்தால் நன்றி தெரிவித்து ஒரு கடிதம் எழுதிவிட்டு, இரண்டு வாரம் கழித்துத் தொலைபேசியில் அழையுங்கள். எங்கள் விண்ணப்பத்தில் எந்த இடத்தில் உங்களுக்கு ஐயம் வந்தது, அடுத்த சுற்று எப்போது தொடங்கும் என்ற இரண்டு கேள்விகளை மட்டும் கேளுங்கள். முதல் கேள்விக்குச் சிலர் மழுப்புவார்கள். இரண்டாவதற்கு எல்லோரும் விடை சொல்கிறார்கள். அந்தத் தேதியை நாட்காட்டியில் குறித்து, அதற்கு இரண்டு மாதம் முன்பாக அந்த அதிகாரியை மையத்துக்கு வரும்படி அழையுங்கள். பகல் பதினொரு மணிக்கு வேண்டாம். குழந்தைகள் வந்து உட்காரும் மாலை ஐந்து மணிக்கு.